வீட்டு விசாரணைக்குப் போனால் கட்டுத்தரையையும் பார்க்கிறோமா?

நொய்யல்காரி (காங்கேயம்)

வணக்கம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்து ஊர்களில் குடும்பங்களோடு வேலை செய்கிற சமூகப்பணியாளர் நான். இங்கே பலரும் இதே துறை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் விசாரணைப் படிவத்தில் வீட்டில் எத்தனை பேர், யார் என்ன படித்திருக்கிறார்கள், ரேஷன் கார்டு, கடன், குடிப்பழக்கம், நோய் என எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஆடு மாடு? சொத்து விவரத்தில், டிவிக்கும் பைக்குக்கும் நடுவில் ஒரு எண்ணிக்கை. அதோடு சரி.

கொறங்காட்டு ஊர்களுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டை நம்பி வாழ்கிற ஊர்களுக்கு, இது போதவே போதாது. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், அதில் நாலு எருமை, ஒரு பட்டி செம்மறி என்று வாழ்கிற குடும்பத்தில் யார் முதலில் எழுகிறார்கள், யார் கையில் காசு புழங்குகிறது, யாருக்கு யாரிடம் பயம் என்பதெல்லாம் ஆடு மாடு கட்டுகிற கட்டுத்தரையில் கொஞ்ச நேரம் நின்றாலே தெரிந்துவிடும். திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டால் வராத பதில், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டே பேசும்போது தானாக வரும்.

ஒரு வழக்கு சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கணவனின் அடி தாங்க முடியாத பெண். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் சகி மையத்துக்குக் கூட்டிப்போக எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. கிளம்புகிற நேரத்தில் வரமாட்டேன் என்கிறார். "நான் வந்துட்டா செனை மாட்டை ஆருங்க பாக்கறது? வர்ற வியாழக்கிழமையே கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிருவாருங்க." அந்த மாடு அவருடைய அம்மா வீட்டுச் சீர். பால் சொசைட்டி அட்டை அவர் பெயரில் இருக்கிறது. அவர் கைக்கு வருகிற ஒரே காசும் அதுதான். இன்னொன்றும் சொன்னார். அவரை அடிக்கப் போகிற நாளில் கணவன் முதலில் மாட்டைத்தான் அடிப்பாராம். கட்டுத்தரையில் சத்தம் கேட்டால் இவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்கு ஓடிவிடுவாராம். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஏற்கெனவே கட்டுக்கட்டாகக் கோப்பு இருந்தது. அதில் மாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் வளர்கிற உயிர்களைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் பகுதியில் எப்படி?

ஈரோட்டு வக்கீல்

அம்மிணி, அந்த மாட்டுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, மூன்றாம் பிரிவு பொருளாதார வன்முறையையும் வன்முறையாகவே சொல்கிறது. சீதனத்தையோ அவருக்கு உரிமையுள்ள மற்றச் சொத்தையோ விற்றுவிடுவது அதற்குள் வரும். அம்மா வீட்டிலிருந்து வந்த மாடு சீதனம்தான். 18ஆம் பிரிவில் அதை விற்கக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை கேட்கலாம். 19இன் எட்டாம் உட்பிரிவில் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஆனால் பாதுகாப்பு அலுவலர் எழுதுகிற குடும்பச் சம்பவ அறிக்கையில் மாடு இருக்க வேண்டும். நிறம், கொம்பு, ஈத்து, காது வில்லை எண், யார் கொடுத்தது, எந்த வருடம் என்று எல்லாம் எழுதுங்கள். சும்மா "ஒரு மாடு" என்று எழுதினால் எதிர்த்தரப்பு வேறொரு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தும்.

மாட்டை அடித்து முடமாக்கினாலோ கொன்றாலோ பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 325ஆம் பிரிவு இருக்கிறது, ஐந்து வருடம் வரை தண்டனை. 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் நம்பிப் போனால் முதல் குற்றத்துக்கு அபராதமே பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்க்குள்தான்.

நேர்பேச்சு (திருப்பூர்)

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் நடுவே வேலை செய்கிறேன். லைன் வீடு, ஒரே அறை, ஐந்து பேர். ஆடும் இல்லை, மாடும் இல்லை. ஒரு பணியாளர் தலையில் கட்டுகிற குடும்பங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இருக்கிற கேள்விகளையே கேட்டு முடிக்க முடிவதில்லை. இதில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்தால் அதையும் வெறுமனே நிரப்பிவிட்டுப் போவார்கள்.

என் மறுப்புக்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. நம் கொங்குச் சீமையில் சில தோட்டங்களில் காளைக்கு மின்விசிறி போட்ட கொட்டகை இருக்கும். அதைப் பார்த்துக்கொள்கிற பண்ணையாளுக்கு ஒழுகாத கூரை இருக்காது. ஆடு காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். விலங்கின் மேல் காட்டுகிற பாசம் சக மனிதன் மேல் வராத ஊரில், சமூகப்பணி முதலில் யார் பக்கம் நிற்க வேண்டும்? எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

ஆறாம் வார்டு

மருத்துவமனையில் சமூகப்பணியாளராக இருக்கிறேன். நேர்பேச்சு தோழர் சொல்கிற வேலைச்சுமை எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டால் நேரம் மிச்சமாகிறது என்பதுதான் நான் கண்டது.

சர்க்கரைப் புண் முற்றி, கால் வீங்கி வந்தார் ஒரு பெரியவர். தாராபுரம் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கிறவர், பிள்ளைகள் பெங்களூரில். இரண்டு நாள் ஊசி போட்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று பிடிவாதம். நர்ஸ் அம்மா திட்டினார், டாக்டர் விளக்கினார், மகன் போனில் கத்தினார். யாருக்கும் மசியவில்லை. "தோட்டத்துல என்னங்க ஐயா நிக்குது?" என்று கேட்டேன். மாடு இன்றைக்கோ நாளைக்கோ ஈனப் போகிறதாம். கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக்கூட ஆளில்லை.

அந்த ஊர் பால் சொசைட்டி செயலாளர் நம்பரைப் பிடித்துப் பேசினோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரெண்டு வேளையும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பெரியவர் அவரிடம் போனில் சோளத்தட்டு எந்தப் போரிலிருந்து உருவ வேண்டும், தவிடு எவ்வளவு கரைக்க வேண்டும் என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஊசிக்குக் கையை நீட்டிவிட்டார். கன்று பிறந்த படம் வாட்ஸ்அப்பில் வந்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் போனால்தான் நிறம் மாறும் என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். காலும் தப்பித்தது.

மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறினார் என்று எழுதப்படுகிற கிராமத்து நோயாளிகளில் பலருக்குப் பின்னால் இப்படி ஒரு கட்டுத்தரை இருக்கிறது என்று நம்புகிறேன். உள்நோயாளியாகச் சேர்க்கும்போதே வீட்டில் யார் பால் கறப்பார்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

நொய்யல்காரி (காங்கேயம்)

நேர்பேச்சு அண்ணா, நீங்கள் சொன்ன காளைக் கொட்டகையை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறேன். விலங்கைப் பற்றிக் கேட்டால் அந்த வீட்டின் நியாய அநியாயமும் சேர்ந்தே வெளியே வரும்.

வாரத்துக்கு ஆடு வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். நிலமில்லாத குடும்பம், பெரும்பாலும் அருந்ததியர் காலனிப் பெண்கள், தோட்டத்துக்காரர் ஆட்டை வாங்கி வளர்த்து, பிறக்கிற குட்டியில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். படிவத்தில் நாம் "ஆடு 6" என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். அதில் அவர்களுடையது எத்தனை? ஆடு செத்தால் நட்டம் யாருக்கு? நோவு வந்தால் மருந்துச் செலவு யார் தலையில்? மேய்க்க எந்தக் காட்டுக்குள் போகலாம், எந்தக் காட்டுக்குள் போகக் கூடாது? இந்த நாலையும் கேட்டால் அந்தக் குடும்பம் யாருக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பது புரிந்துவிடும். ஆறு ஆடு இருக்கிறதே என்று உதவித்தொகைப் பட்டியலில் பெயரைத் தள்ளிவிடுகிற கொடுமையும் நிற்கும்.

2011இல் அரசு விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டம் கொண்டு வந்தபோது பெண்கள் பெயரில் கொடுத்தார்கள். தன் பெயரில் வந்த முதல் சொத்தே அந்த ஆடுதான் என்று சொல்கிற பெண்கள் எங்கள் பக்கம் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த ஆட்டுக்கு வாரிசாக வந்த குட்டிகளை யார் விற்றார், காசு எங்கே போனது என்று பேசினால் அந்தக் குடும்பத்தின் வரலாறே வந்துவிடும்.

பட்டி ஆடு (முத்தூர்)

நான் சமூகப்பணி படித்தவன் இல்லைங்க. ஆடு வளர்க்கிறேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இந்த இழையைக் காட்டினார், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் நாய்கள் கூட்டமாக வந்து பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டதெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு ரோட்டில் உட்கார்ந்தோம். அப்புறம்தான் அரசு இழப்பீடு அறிவித்தது. அதெல்லாம் சரி. காலையில் பட்டியைத் திறக்கிற பொம்பளைக்கு என்ன ஆகிறது என்று யாராவது வந்து கேட்டார்களா?

நாய் ஆட்டைத் தின்பதில்லைங்க. கடித்துக் குதறிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. பாதி உயிரோடு கிடக்கும். தாய் போய்விடும், குட்டி அதன் மேலேயே முட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் பெரியம்மா அதைப் பார்த்த பிறகு ராத்திரி வீட்டுக்குள் படுப்பதே இல்லை. பட்டிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு, டார்ச்சும் தடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறும் சரியாக இறங்கவில்லை. ஆட்டுக்குக் கால்நடை டாக்டர் வந்தார், வருவாய் ஆய்வாளர் வந்தார். பெரியம்மாவுக்கு யாரும் வரவில்லை. உங்கள் துறை எங்கே இருந்தது என்றுதான் கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லைங்க, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறாம் வார்டு

அண்ணா, பெரியம்மாவுக்கு இன்னமும் தூக்கம் இல்லையென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தில் பார்க்கலாம். தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் மனநல மருத்துவர் வருவார். எந்த நாள் என்று விசாரித்துத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். ஆட்டுக்காகவா அழுகிறாய் என்று வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்தால் அதுவே பாதி மருந்து.

மாட்டு டாக்டர்

நாமக்கல்லில் படித்து, கொங்கு மாவட்டங்களிலேயே சுற்றிச் சுற்றி வேலை பார்த்துக்கொண்டிருக்கும் கால்நடை மருத்துவன். முத்தூர் நண்பர் எழுதியது அப்படியே உண்மை. பிரேதப் பரிசோதனை செய்து சான்றிதழ் கொடுக்கும்போது எதிரே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

உங்கள் துறைக்கு நாங்கள் எவ்வளவு பயன்படுவோம் என்பது உங்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. காளையின் தோல் பளபளக்கும்படி வைத்திருந்த ஒரு வீட்டில், திடீரென்று மாடு விலா எலும்பு தெரிய நிற்கும். சாணி அள்ளாமல் கிடக்கும், தொட்டியில் பாசி பிடித்திருக்கும், மூக்கணாங்கயிறு புண்ணில் புழு வைத்திருக்கும். தீவனத்துக்குக் காசில்லாமல் போயிருக்கலாம். அப்படியில்லையென்றால் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, இல்லை மனசு சரியில்லை, இல்லை குடி கூடிவிட்டது, இல்லை பெரியவருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துவிட்டது. ஊராருக்குத் தெரிவதற்கு முன் எங்கள் கண்ணில் அது பட்டுவிடும். யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியாது. இப்போது முதியோர் என்றால் 14567, குழந்தை என்றால் 1098, பெண்கள் என்றால் 181 என்று எழுதி மருந்தகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அதேபோல நீங்கள் போகிற வீட்டில் மாடு படுத்துவிட்டது, ஆம்புலன்ஸ் வேண்டும் என்றால் 1962. காப்பீடு செய்த மாடு செத்தால் காது வில்லையைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு இலக்க எண் அது. அது இல்லாமல் காப்பீட்டுப் பணம் வாங்குவது பெரும்பாடு.

ஒரு நோய் விஷயமும் சொல்லிவிடுகிறேன். மாடு கன்று வீசியிருக்கும், அதாவது மாதம் நிறையும் முன்பே கன்று விழுந்திருக்கும். அந்த வீட்டுப் பெண்மணி வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்துப் போட்டிருப்பார். அப்புறம் வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி. டைபாய்டுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அது மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிற புருசெல்லோசிஸ் நோயாகவும் இருக்கலாம். வீட்டில் மாடு கன்று வீசியதை டாக்டரிடம் சொல்லுங்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தெருவோரம் (கோவை)

எங்கள் அனுபவம் வேறு. உக்கடம், காந்திபுரம் பக்கம் வீடில்லாதவர்களோடு வேலை. இரவு தங்கும் விடுதிக்கு வரச் சொன்னால் சிலர் வரமாட்டார்கள். காரணம், நாய். விடுதிக்குள் நாயை விடமாட்டார்கள்.

ஒரு பெரியவருடைய நாயைக் கருத்தடை ஆபரேஷனுக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023இன்படி பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். அது அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்திருந்ததால், எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது வரும் என்று விசாரித்துச் சொன்னோம். அவர் எங்களை நம்பிப் பேச ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். பல மாதமாக மறைத்து வைத்திருந்த இருமலையும் காட்டினார், காசநோய்ப் பரிசோதனைக்கும் வந்தார். விடுதி வாசலுக்கு வெளியே கூரை போட்டு நாலு நாய் கட்ட ஒரு இடம் விட்டால் செலவு ஒன்றும் அதிகமில்லை. 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வந்தபோது நாய் பூனையை விட்டு வரமாட்டோம் என்று பலர் வெள்ளத்திலேயே இருந்துவிட்டார்கள். அடுத்த வருடமே, பேரிடர்த் திட்டத்தில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பவானி, காவிரிக் கரையில் வெள்ளம் வரும்போது நாம் முகாம் போடுகிறோமே, ஆட்டை எங்கே கட்டுவது என்று யோசித்திருக்கிறோமா?

நேர்பேச்சு (திருப்பூர்)

முத்தூர் அண்ணன் எழுதியதும் கோவைத் தோழர் எழுதியதும் ஒரே நாயைப் பற்றித்தான் என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்கு அது துணை, இன்னொருவருக்கு வாழ்க்கையை அழித்தது. எங்கள் லைன் வீடுகளில் நாய் கடித்தால் கடிபடுவது வேலைக்குப் போன அம்மா அப்பாவின் குழந்தை. இரக்கப்பட்டுச் சோறு போடுகிறவர் காம்பவுண்டுக்குள் இருக்கிறார், கடி வாங்குகிறவர் வெளியே இருக்கிறார். விலங்கை நேசிக்கச் சொல்லும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

மாட்டு டாக்டர்

பேச வேண்டியதுதான். சோறு போடும் இடத்தை ஆட்கள் வந்துபோகும் வாசலுக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் தள்ளித்தான் ஒதுக்க வேண்டும் என்று அந்த 2023 விதிகளே சொல்கின்றன. குடியிருப்போரையும் சோறு போடுகிறவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேச வைப்பது யாருடைய வேலை? கால்நடை டாக்டரால் ஆகாது, போலீஸாலும் ஆகாது. உங்கள் துறைதான் செய்ய வேண்டும்.

கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து என்று நாலு தடவை. கடைசி ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஒரு நாள் கூலி போகுமே என்று. வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதை அவர்கள் மொழியில் எழுதிக் கொடுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

சிறப்புப் பள்ளி ஆசிரியை

நாய் பற்றிப் பேசுவதால் இதையும் கேட்கிறேன். சிறப்புக் குழந்தைகளுக்கு நாயை வைத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று எங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்தார். போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர் 1960களின் தொடக்கத்தில், பேசாமலே இருந்த குழந்தை தன் நாய் ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து எழுதியதிலிருந்து இந்த முறை வளர்ந்தது என்று படித்திருக்கிறேன். எங்கள் பையன் ஒருவன் யார் தொட்டாலும் சுருங்கிக்கொள்வான். பள்ளிக்குப் பின்னால் மேய்கிற வெள்ளாட்டுக் குட்டியின் காதை மட்டும் நீவி விட்டுக்கொண்டே இருப்பான். அதனால் எனக்கு ஆசைதான். சந்தேகமும் இருக்கிறது.

மாட்டு டாக்டர்

உங்கள் சந்தேகம் நியாயம். நாய் வாயை நக்கிக்கொண்டே இருக்கிறதா, கொட்டாவி விடுகிறதா, முகத்தைத் திருப்புகிறதா, வாலை இடுக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். அது போதும் என்று சொல்கிறது. அப்போதே நிறுத்துகிற ஆள் கூட இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டை கேளுங்கள், எந்தக் குழந்தைக்கு இளைப்பு, எந்தக் குழந்தைக்குப் பயம் என்று முன்கூட்டியே பாருங்கள். விலைக்கு நாய் கொண்டுவந்து காலையிலிருந்து மாலை வரை பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறவர் என்றால் வேண்டாம். உங்கள் பையனுக்கு அந்த வெள்ளாட்டுக் குட்டியே போதும். தொட்ட பிறகு கை கழுவினால் சரி.

இரண்டாமாண்டு மாணவி

அண்ணா, அக்காக்களுக்கு வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிறேன், களப்பணி பல்லடம் பக்கம். எங்கள் வகுப்பில் விலங்குகளைப் பற்றி ஒரு பாடம்கூட இல்லை. நானாகத் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

1874இல் நியூயார்க்கில் எட்டா வீலர் என்ற தொண்டுப் பணியாளர், வளர்ப்பவர்களிடம் அடிபட்டுக் கிடந்த மேரி எல்லன் என்ற சிறுமியைக் காப்பாற்ற அலைந்து, யாரும் உதவாதபோது, விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்கிடம் போனார். அவருடைய வக்கீல் எல்பிரிட்ஜ் கெர்ரி வழக்கை நடத்திக் குழந்தையை மீட்டார். அதிலிருந்துதான் அங்கே குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. விலங்கைக் காப்பதும் குழந்தையைக் காப்பதும் அப்போது அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது.

ஃப்ராங்க் அசியோன் 1998இல் வெளியிட்ட ஆய்வில், யூட்டா மாநிலத்தில் பெண்கள் காப்பகத்துக்கு வந்த 38 பேரைக் கேட்டிருக்கிறார். விலங்கு வளர்த்தவர்களில் 71 சதவீதம் பேர், கணவனோ துணைவனோ அதை அடிப்பேன் என்று மிரட்டியிருக்கிறார், அடித்திருக்கிறார் அல்லது கொன்றிருக்கிறார் என்று சொன்னார்களாம். சின்ன ஆய்வுதான். ஆனால் காங்கேயம் அக்கா சொன்ன மாடு அதில் அப்படியே இருக்கிறது.

என் கேள்வி இதுதான். மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்கிற மாதிரி அறிக்கையில் எப்படி எழுதுவது? நான் எழுதினால் "தேவையற்ற விவரம்" என்று அடித்துவிடுகிறார்.

நொய்யல்காரி (காங்கேயம்)

கண்ணு, தனிப் பத்தியாக எழுதாதே, அடித்துவிடத்தான் செய்வார்கள். வருமானம் எழுதுகிற இடத்தில் "பால் வருமானம், சொசைட்டி அட்டை மனைவி பெயரில், காசை வாங்குவது கணவர்" என்று எழுது. பாதுகாப்பு எழுதுகிற இடத்தில் "விலங்கை அடித்து மிரட்டுகிறார், வீட்டை விட்டு வரத் தடையாக இருப்பது மாடு" என்று எழுது. உடல்நலத்தில் கன்று வீசியதை எழுது. கடனில் வார ஆட்டை எழுது. தேவையற்ற விவரம் என்று யாராலும் சொல்ல முடியாது. வருமானத்தையும் ஆபத்தையும் நோயையும் கடனையும்தானே எழுதியிருக்கிறாய். திட்டம் எழுதுகிற பக்கத்தில் மாட்டை யார் பார்த்துக்கொள்வார், எத்தனை நாளைக்கு, தீவனச் செலவு யாருடையது என்று பெயரோடு எழுது.

நேர்பேச்சு அண்ணா, லைன் வீட்டுக்குக் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ஊரில் விட்டு வந்த ஆடு மாட்டை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று ஒடிசாக்காரப் பெண்ணிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதற்குத்தான் மாதாமாதம் காசு போகிறதா, விற்றுவிட்டுத்தான் இங்கே வந்தார்களா என்று தெரிந்தால் கடன் கதை முழுக்கத் தெரியும்.

மேலே சொன்ன பெண் பற்றிச் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மாட்டை அவருடைய அண்ணன் வந்து, காது வில்லை எண்ணைக் குறித்துக்கொண்டு, பெண் போலீஸ் முன்னிலையில் ஓட்டிப் போனார். அதற்கு அடுத்த நாள் அவர் பிள்ளைகளோடு சகி மையத்துக்கு வந்தார். பால் சொசைட்டி அட்டையை அண்ணன் ஊருக்கு மாற்றுகிற மனு நடந்துகொண்டிருக்கிறது. வக்கீல் ஐயா, 19இன் எட்டில் மனு போட உங்களைக் கூப்பிடுகிறேன்.

ஈரோட்டு வக்கீல்

கூப்பிடுங்க அம்மிணி. சீரில் மாடு வந்ததற்குக் கல்யாணப் போட்டோவோ சீர்வரிசை எழுதிய நோட்டோ இருந்தால் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். எதுவும் இல்லையென்றால் சீர் கொண்டு போன அன்றைக்குக் கூட இருந்த பங்காளி ரெண்டு பேர் சாட்சிக்கு வந்தால் போதும்.